சக்கரம் வைத்த கோழிக்கூடு

எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு துணித்துண்டுகூட உள்ளே வரக்கூடாது. இது என் மாமியார் போட்ட சட்டம். நான் மாசமாக இருந்தபோது, பதுளைக்குப் போன இடத்தில் ஆசைப்பட்டு மஞ்சள் நிறத்தில் கொஞ்சம் பிளனல் துணி வாங்கி வந்து அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், அதே துணியால் பிடித்துச் சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்.

"நல்ல துணிடி. கை சுடவே இல்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அடுப்பே தேவையில்லை, என் தலையில் பானையை வைத்தாலே சோறு பொங்கியிருக்கும். ஆனால் என்ன செய்ய? மாமியார் என்றாலும் அந்நியம் இல்லை. என் அப்பாவோடு கூடப் பிறந்த அத்தை. அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன். சின்ன வயதில் என் மூக்கைச் சிந்திவிட்ட கைதான் இப்போது என் பிளனல் துணியில் கரி துடைத்தது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் அம்மா காலமாகி வருசக்கணக்காகிவிட்டது. அப்பாவோ தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்.

நாங்கள் இருந்தது இலங்கை மலைநாட்டில், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வீட்டுக்காரர் அங்கே ஆபீஸில் கணக்கு எழுதும் சின்ன கிளாக்கர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்திருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரை பெட்டி படுக்கையோடு சீமைக்குப் போய்விட, புதுத் துரை வந்து சேர்ந்தார். கலியாணம் ஆகாதவர், இரண்டு பெரிய நாய்களோடு வந்தார். பங்களாவைச் சுற்றிப் பார்த்தவருக்கு இரண்டு அறைகள் கண்ணை உறுத்தியிருக்கின்றன. ஒன்று துரைப் பிள்ளைகள் தூங்குவதற்கு, இன்னொன்று அவர்கள் விளையாடுவதற்கு. எங்கள் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், ஒரே அறையான காம்பராவுக்குள்ளேயே சமைத்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, எட்டுப் பேர் படுத்து எழும்புவார்கள். துரை வீட்டுப் பிள்ளைக்கோ கண் மூட ஒரு அறை, கண் திறக்க ஒரு அறை. புதுத் துரை அந்த இரண்டையும் நாய்களுக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே கிடந்த சாமான்களை என்ன செய்வது? ஆபீஸ் உத்தியோகக்காரர் வீட்டம்மாமார் ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டுக்கு ஒன்று இனாமாக எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தைப் பதுளையில் மரச்சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா லொறியில் ஏற்றிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பேபி கட்டில்தான்.

அம்மா அந்தப் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். சின்னப் பிள்ளையாக நான் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தால், நடைக்கு அந்தப் பக்கம் அந்தக் கட்டில் தெரியும். வெள்ளைப் பெயின்ட், நாலு பக்கமும் கம்பி கம்பியாக மரத் தடுப்பு, காலில் குட்டிச் சக்கரங்கள். தலைமாட்டுப் பலகையில் ஒரு முயல் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். அம்மா ஏதோ பாடி அந்த வீட்டுப் பிள்ளையைத் தூங்க வைப்பார். நானோ அதற்கு முன்னாலேயே வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களில் ஒன்றில், பக்கத்துத் தொட்டில்காரன் அழுகிற சத்தத்திலேயே தூங்கிப் பழகியவள். எனக்குப் பொறாமை. இப்போது சொல்வதில் என்ன வெட்கம், அந்த முயலைப் பார்த்துக்கூடப் பொறாமை. என் அம்மா பாடுவதைத் தினமும் அது கேட்கிறதே என்று. என் பிள்ளை அந்தக் கட்டிலில்தான் படுக்க வேண்டும். வேறு எந்தச் சாமானும் எனக்கு வேண்டாம்.

ஆனால் நடுவில் இரண்டு மலை நின்றது. ஒன்று, வரிசை. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு. முதலில் பெரிய கிளாக்கர் வீட்டம்மா, அடுத்து தேயிலை பேக்டரி டீமேக்கர் வீட்டம்மா, அப்புறம் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா வீட்டம்மா, கடைசியில்தான் நான். அதில் மருந்தையா வீட்டம்மாவின் இடுப்பில் தவழ்கிற வயதில் ஒரு பிள்ளை வேறு. இரண்டாவது மலை வீட்டிலேயே என் பிளனல் துணியைப் பிடித்துக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தது.

முதல் மலையை முதலில் பார்ப்போம் என்று, சனிக்கிழமை மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் மருந்தையா வீட்டம்மாவைப் பிடித்தேன்.

"அக்கா, பங்களாச் சாமான்ல எத எடுக்கப் போறீங்க?"

"அந்தக் கட்டிலத்தான். இவன் உருண்டு உருண்டு கீழ விழுந்துர்றான்."

நான் பெருமூச்சு விட்டேன். நன்றாகவே விட்டேன். "நல்ல கட்டில்தான் அக்கா. எங்கம்மா உசிரோட இருந்தப்ப ஒன்னு சொல்லுவாங்க. வேணாம், நான் எதுக்குச் சொல்லிக்கிட்டு."

"என்ன, சொல்லு!"

"மூட்டைப் பூச்சிதான் அக்கா. அந்தக் கட்டில்ல எத்தன தடவ சுடுதண்ணி ஊத்துனாலும் போகாதாம். வெள்ளைக்காரப் புள்ளைங்க செவசெவன்னு இருக்கும்ல? நாமதான் நெறம்னு நெனச்சிக்கிட்டோம்."

அவர் பிள்ளையை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஒன்றும் தெரியாதவள் போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் ஒருத்தரிடம்தான் சொன்னேன். அத்தையைப் பக்கத்தில் எங்கேயும் காணவில்லை, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் யாரோ குனிந்திருந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் எங்கள் நாலு பேரையும் பார்த்திருக்க வேண்டும். ஏதோ கலியாண வீட்டுக்குப் பந்திக்கு முந்துகிறவர்கள் போலப் பட்டுச் சேலையில் வந்து நின்றோம். உள்ளே என்னென்னவோ இருந்தது. குட்டி மேசை, குட்டி நாற்காலி, முகம் கழுவும் மேசை, பொம்மை அடுக்கும் அலுமாரி, ஆடும் மரக்குதிரை, பிள்ளையை உள்ளே விட்டு வெளியே போகாமல் அடைக்கிற ஒரு மரப்பட்டி. அப்புறம் நெட்டையாக ஒரு நாற்காலி, முன்னால் தட்டுப் பலகை வைத்தது. ஒரு சின்னப் பிள்ளைக்கு இத்தனை தேவையா என்று நான் வாயைப் பிளந்தேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு சேலையும் ஒரு கயிறும் இருந்தால் தூங்கும் அறையும் விளையாடும் அறையும் ரெடி.

பெரிய கிளாக்கர் வீட்டம்மா எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டிலுக்குக் கிட்டே வந்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

"இதுல மூட்டப் பூச்சியாமே? புழு மாதிரி நெளியுமாமே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரிடம் நான் சொல்லவே இல்லையே! புழு மாதிரி என்று மருந்தையா வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லையே! ஒரே இரவில் என் பொய்க்குக் கால் முளைத்து, இறக்கையும் முளைத்திருந்தது. சரி, பறக்கட்டும் என்று நானும் முகத்தைச் சுளித்து வைத்தேன்.

அவர் நெட்டை நாற்காலியை எடுத்தார். உட்கார ஆள் இல்லை, அவர் பிள்ளைகள் எல்லாம் மீசை வைத்த பிள்ளைகள். ரேடியோவை மேலே வைத்து, வெற்றிலைத் தட்டைப் பலகையில் வைக்க வாகாக இருக்கும் என்றார். டீமேக்கர் வீட்டம்மா மரக்குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் குதிரையை அவர் வீட்டு முன்னறையில் பார்த்தேன். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை. ஐயனார் மட்டும்தான் இன்னும் வந்து ஏறவில்லை.

மருந்தையா வீட்டம்மா கட்டிலையும் மரப்பட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆசை விடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா கடை நானா உள்ளே வர வேண்டும்! மூட்டைப் பூச்சிப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், மனுசன் நேராகக் கட்டிலிடம் போய், ஒரு பக்கம் தூக்கி, அடியில் குனிந்து, விரலால் தட்டி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மூட்டயா? இதுலயா? ஒன்டும் இல்லியே! பொந்து இல்ல, வெடிப்பு இல்ல. பொன்னு மாதிரிச் சாமான்" என்றார்.

என் வயிற்றில் பிள்ளை ஒரு குட்டிக்கரணம் போட்டது. நானாவின் முகத்தைப் பார்த்து, கட்டிலையும் என் வயிற்றையும் மாறி மாறிக் காட்டி, கண்ணாலேயே கெஞ்சினேன். வியாபாரி அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார். இன்னொரு தடவை குனிந்தார். எழும்பும்போது உள்ளங்கையைப் படீரென்று ஒரு அறை அறைந்து, தூவென்று ஊதினார்.

"அட, ஒன்டு இருந்திச்சு! இந்தச் சனியன நான் லொறில ஏத்த மாட்டன், மத்தச் சாமானும் கெட்டுப் போவும்."

மருந்தையா வீட்டம்மா அந்தக் கணமே மரப்பட்டிக்குத் தாவிவிட்டார். அவர் மகனை அதற்குள் விட்டுவிட்டு நிம்மதியாகச் சமைத்ததாகப் பிறகு என்னிடமே சொன்னார், ஆகவே யாருக்கும் நட்டமில்லை. கடைசியில் நான் வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு, "சரி, மிச்சம் இருக்கிறதத்தானே எடுக்கணும்" என்று கட்டிலைக் கையால் காட்டினேன். நானா வாயைப் பொத்திக்கொண்டு லொறிப் பக்கம் போய்விட்டார்.

இரண்டாவது மலைக்கு ஒரு யோசனை வைத்திருந்தேன். மரநாய் வந்து கோழியைப் பிடிக்கிறது, ஒரு கூடு அடித்துக்கொடுடா என்று அத்தை வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டால் என்ன? மேலே பலகைச் சட்டம், நாலு பக்கமும் கம்பித் தடுப்பு. அச்சு அசல் கோழிக்கூடு!

"மாட்டிக்கிட்டா நான் பொறுப்பில்ல புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பேசாம தூக்குங்க மச்சான். பேசுனாத்தான் மாட்டிக்கிருவீங்க."

அவரும் பங்களாத் தோட்டக்காரரும் கட்டிலைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். கால்கள் நாலும் வானத்தைப் பார்க்க, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரங்கள் தாமாகவே சுற்றின. வாசலில் அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடி இது?"

"கோழிக்கூடு, அத்தை. நீங்க கேட்டீங்கல்ல?"

அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கூட்டுக்கு ஏன் காலு மேல நிக்குது?"

"வெள்ளைக்காரன் கூட்டுக்குக் காலு மேலதான் அத்தை."

"காலுல சக்கரம் வேற இருக்கு?"

"கவுத்துத் தள்ளிக்கிட்டே போயி வெயில்ல விடுறதுக்கு. அவங்க கோழிக்குக் குளிரு ஆகாதாம்."

"இந்த மொயலு?"

"அது... முன்னால மொயல் வளத்திருப்பாங்க."

"குடையெல்லாம் புடிச்சிக்கிட்டு?"

வீட்டுக்காரர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். பாவி மனுசன், தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அத்தை முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். "பின்னால விறகுக் கொட்டில்ல வைங்க."

ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு கை கூடுதலாகச் சோறு தின்றேன். மறுநாள் காலையில் விறகுக் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தால் எனக்கு மயக்கம் வராத குறை. கட்டில் நிமிர்ந்து சரியாக நிற்கிறது. நடுவில் வைக்கோல் போட்ட கூடை. கூடை நிறைய முட்டை. முட்டைக்கு மேல் எங்கள் சிவப்புப் பெட்டைக்கோழி மகாராணி மாதிரி உட்கார்ந்து என்னை முறைக்கிறது. தலைமாட்டில் முயல் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"அத்தை! இது என்ன?"

"கூடுன்னியே. அடை வச்சிருக்கேன். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கிட்டப் போகாத, அடைக்கோழியக் கலைச்சா ஆகாது."

நான் என்னத்தைச் சொல்வது? கோழிக்கூட்டில் கோழியை வைக்காதீர்கள் என்றா? நானே வெட்டிய குழியில் நானே விழுந்து, மேலே கோழியையும் உட்கார வைத்துக்கொண்டேன். என் முயல் கட்டிலில் என் பிள்ளைக்கு முன்னால் ஒரு கோழி எச்சம் போட்டுக்கொண்டிருந்தது.

சும்மா இருந்துவிடவில்லை. அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கொஞ்சம் அரிசியைத் தூவிக் கூப்பிட்டேன், அசையவில்லை. கூடையோடு தூக்கிக் கீழே வைக்கப் போனேன், புறங்கையில் ரத்தம் வரக் கொத்தியது. வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் ஆபீஸ் சட்டையோடு போய், கிழிந்த சட்டையோடு திரும்பி வந்தார். அந்தச் சனியனுக்கு அத்தையைத் தவிர ஒருத்தரையும் பிடிக்காது. அத்தை மட்டும் காலையும் மாலையும் போய், அதோடு ஏதோ முணுமுணு என்று பேசிவிட்டு, தண்ணீர் வைத்துவிட்டு வருவார். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காத மனுசி, அந்த முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதைக் கண்டு எனக்கு அழுகையே வந்தது. என் பிள்ளையைவிடக் கோழிக்குஞ்சு பெரிசாப் போச்சா என்று மனதுக்குள் வைதுகொண்டேன்.

அப்படி வைதுகொண்டிருந்த ஒரு காலையில்தான் எனக்கு வலி எடுத்தது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் இருந்த வளைவுகளை எல்லாம் எவன் போட்டானோ அவனையும் வைதேன். பெண் பிள்ளை பிறந்தது. பார்க்க வந்த வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்த்து அசடு வழியச் சிரித்துக்கொண்டே நிற்க, நான் கேட்ட முதல் கேள்வி: "கோழி எந்திரிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல புள்ள. ஆனா அம்மா என்னைய அந்தப் பக்கமே விடமாட்டேங்கிது."

போச்சு, அடுத்த ஈட்டு முட்டைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். வாசலில் மஞ்சள் பந்துகளாகக் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து முடிந்து, நான் உள்ளே கால் எடுத்து வைத்தேன். வைத்த கால் அப்படியே நின்றுவிட்டது.

முன்னறை சன்னலோரம் அந்தக் கட்டில் நின்றது. தேய்த்துத் தேய்த்துக் கழுவி வெள்ளை வெளேரென்று இருந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்த வாசம். உள்ளே இலவம் பஞ்சு மெத்தை, அதன்மேல் மடித்து விரித்த அத்தையின் பழைய கலியாணச் சேலை. முயலின் நெற்றியில்கூட ஒரு குங்குமப் பொட்டு. மெத்தையின் ஓரத்தில் என் மஞ்சள் பிளனல், சின்னச் சட்டையாக மாறியிருந்தது. கரிக் கறையை எப்படித்தான் போக்கினாரோ, அந்த இடத்தில் பூப் போட்டுத் தைத்திருந்தார்.

"அத்தை..."

"என்னா நொத்தை? தலகீழாத் தூக்கிட்டு வந்தா எனக்கு மொயலு தெரியாதா? உங்கம்மாவப் பாக்கப் பங்களாப் பின்வாசலுக்குப் போறப்பல்லாம் இதத்தானடி நானும் பாத்துக்கிட்டு நிப்பேன். அது சரி, பெரிய கிளாக்கரு வீட்டம்மா காதுல மூட்டப் பூச்சிய யாரு போட்டான்னு நெனச்ச? நீ பீலியடில ஒருத்திகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்துட்ட. பொய் சொன்னா ஒழுங்காச் சொல்ல வேணாமா?"

புழு மாதிரி நெளியும் என்றது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் அத்தை அதுல கோழிய வச்சீங்க? நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

அத்தை ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்.

"உன் மச்சானுக்கு முந்தி எனக்கு ஒன்னு இருந்திருக்கணும். உன் மாமா ஆசையாசையா முன்கூட்டியே சேலையில தொட்டி கட்டிட்டாரு. லயத்துக் காம்பராவுல கதவத் தொறந்தா காத்துல அது வெறுமனே ஆடும். நான் பாத்துக்கிட்டே கெடப்பேன். புள்ள வந்து அதுல படுக்கவே இல்ல. அதுக்கப்புறமும் அது ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, யாருக்கும் அவுக்க மனசு வரல."

இந்தக் கதையை என் அப்பாகூட எனக்குச் சொன்னதில்லை.

"வெறுந்தொட்டி வீட்டுல இருக்கக் கூடாதுடி. எனக்குப் பயமாயிருந்துச்சு. தூக்கி வெளிய போடுன்னு சொல்லலாம்னு பாத்தேன், நீ அத அந்தப் பார்வ பாக்குற. என்ன செய்றது? சரி, அது வெறுசாத்தான இருக்கக் கூடாது, ஏதாவது ஒரு உசுரு உள்ள இருக்கட்டும்னு கோழிய ஒக்கார வச்சேன். முட்டையோட. ஒரு முட்ட கூழாப் போயிரக் கூடாதுன்னு தெனம் கும்பிட்டேன். எல்லாம் பொரிச்சிருச்சு. ஒன்னுகூட வீணாப் போகல."

அந்தக் கோழியை நான் எத்தனை வசவு வைதிருப்பேன்! அத்தை அதன் காதில் முணுமுணுத்தது எல்லாம் என் பிள்ளைக்கான வேண்டுதல் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையை மார்போடு அணைத்தபடி நின்று அழுதேன். அத்தையும் அழுதார். வாசலில் நின்ற வீட்டுக்காரர் காலைச் சிவப்புக் கோழி வந்து கொத்தியது, அவர் "ஐயோ!" என்று குதித்தார்.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெத்தையில் இருந்த சேலைச் சுருக்கத்தை ஒரு தடவை நீவிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி நின்னுக்கிட்டே இருக்க? போடு. உன் கோழிக்கூட்டுல உன் குஞ்சப் போடு" என்றார்.